பன்னிரண்டு போத்தல் ஆற்றுத்தண்ணீர்

1

எங்கள் ஏரியின் தண்ணீர் பால் விடாத தேத்தண்ணி நிறம். நோர்வே என்றால் பளிங்குத் தண்ணீரும் பனிமலையும் என்று ஊரில் இருக்கும் நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். கலண்டர் அச்சடிப்பவர்கள் செய்த வேலை அது. நான் வேலை செய்யும் குடிதண்ணீர் நிலையத்துக்கு ஒருநாள் வாருங்கள். ஏரியிலிருந்து வரும் குழாயைத் திறந்து ஒரு கிளாஸில் பிடித்துத் தருகிறேன். சுற்றியுள்ள காட்டின் இலையும் பாசியும் சதுப்பும் வருடக்கணக்கில் ஊறி இறங்கிய சாயம் அது. அதற்குள் படிகாரம் மாதிரியான ஓர் உப்பைப் போட்டுக் கலக்கி, ஊத்தையைத் திரளவைத்து அடியில் இறக்கி, மேலே தெளிந்ததை வடித்து நகரத்துக்கு அனுப்புகிறோம். இருபது வருடமாக எனக்குச் சோறு போடுவது இந்த வேலைதான்.

இந்த நாட்டுக்கு வந்து இருபத்தேழு வருடமாகிறது. ஒவ்வொரு வைகாசியிலும் அந்த நாளில் ஒரு கேக் வாங்குவது என் கணவரின் பழக்கம். முதல் சில வருடங்கள் அந்தக் கேக்கைப் பார்த்து அழுதிருக்கிறேன். இப்போது பேசாமல் சாப்பிடுகிறேன், இரண்டாவது துண்டும் கேட்கிறேன். இந்த வருடம் கேக்கை வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் மகள் அபிரா கொம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து, “அம்மா, உங்கட ஊர்த் தண்ணீர் என்ன செய்யுதெண்டு பாருங்கோ” என்றாள். இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அபிரா பல்கலைக்கழகத்தில் தண்ணீரைப் படிக்கிறாள். நான் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிறேன், அவள் அதைப் படிக்கிறாள், வித்தியாசம் அவ்வளவுதான். அவளுடைய பாடத்தை எனக்கு இப்படித்தான் விளங்கப்படுத்தினாள். மரமும் பயிரும் காற்றிலிருந்து காபனை எடுத்து இலையும் வைக்கோலுமாக ஆக்குகின்றன. அவை உக்கி, மழையில் கரைந்தும் மண்ணோடு ஒட்டியும் வாய்க்காலுக்கு வருகின்றன, வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கும் குளத்துக்கும் போகின்றன. முன்பெல்லாம் ஆறு இதைச் சும்மா கடலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றுதான் நினைத்தார்களாம். அப்படியில்லை. ஆறும் ஏரியும் வயிறு மாதிரி. வந்ததில் ஒரு பங்கைக் கிருமிகள் தின்று மூச்சாகக் காற்றுக்குத் திருப்பிவிடுகின்றன. ஒரு பங்கு அடிச்சேற்றில் படிந்து கிடக்கிறது. மிச்சம்தான் கடலுக்குப் போகிறது. நிலம் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கோடு போட முடியாதாம்.

“இதைத்தானே நான் ஒவ்வொரு நாளும் வடிகட்டுறன்” என்றேன். “நீங்கள் வடிகட்டுறதைத்தான் அம்மா நான் எண்ணுறன்” என்றாள்.

2

அபிராவுக்கும் எங்கள் ஊருக்கும் பெரிய ஒட்டுறவு எதுவும் இருந்ததில்லை. ஒன்பது வயதில் ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். நுளம்பு கடித்து உடம்பெல்லாம் தடித்து, பாதி லீவை மட்டக்களப்பு ஆஸ்பத்திரி வாங்கிலில் கழித்தாள். பன்னிரண்டு வயதில் சனிக்கிழமைத் தமிழ்ப்பள்ளியை விட்டாள். அதற்குப் பிறகு ஊரைப் பற்றிப் பேச்சு வந்தால் “உங்கட இடம்” என்பாள். அதில் கோபப்பட ஒன்றுமில்லை, உண்மையைத்தான் சொன்னாள். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்கு எங்கேயோ குத்தும்.

அதனால் போன வருடம், தன் ஆய்வுக்கு மட்டக்களப்பு வாவியை எடுக்கப்போவதாக அவள் சொன்னபோது நான் சட்டியை அடுப்பில் மறந்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். வயலிலிருந்து வாவிக்கு எவ்வளவு காபன் போகிறது, அதில் கரைந்து போவது எவ்வளவு, மண்ணோடு போவது எவ்வளவு என்பதுதான் கேள்வி. வருடம் முழுவதும் மாதம் ஒரு போத்தல் தண்ணீர் வேண்டும். எடுத்துத் தர அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

இருக்கிறாள். வவுணதீவுப் பக்கத்தில் என் தங்கை மலர் இருக்கிறாள். எங்கள் பகுதியில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மூத்தவள் நான் வெளிநாடு வந்துவிட்டதால், அம்மாவின் வீடு மலருக்குப் போனது. வீட்டுக்குப் பின்னால் வட்டை, கண்ணுக்கெட்டிய மட்டும் வயல். வயல் தண்ணீர் வடியும் வாய்க்கால் ஒரு மதகைத் தாண்டி வாவியில் விழுகிறது. நாங்கள் வாவி என்று சொல்வதில்லை, ஆறு என்போம்.

முதல் போன் கோலில் அபிரா தமிழ்ப்பள்ளியில் படித்த தமிழை எடுத்துவிட்டாள்.

“வணக்கம் சின்னம்மா. தாங்கள் நலமா? தங்களிடம் ஓர் உதவி வேண்டும்.”

மலர் போனைக் கையால் பொத்திக்கொண்டு புருசனிடம் சொன்னது எங்களுக்கும் கேட்டது: “இஞ்ச வாங்க, நம்மட அபிரா நியூஸ் வாசிக்கிறாள்!”

சிரித்து முடிந்தபிறகு விடயம் பேசினார்கள். பதினைந்தாம் தேதி தவறக்கூடாது. மதகடியில்தான் எடுக்கவேண்டும். வெளிச்சம் படாமல் போத்தலுக்கு வெள்ளித்தாள் சுற்றி, தேதி எழுதி, பிரிட்ஜில் வைக்கவேண்டும். வருட முடிவில் நான் போய் எல்லாவற்றையும் கொண்டுவருவேன். மலர் ஒவ்வொன்றுக்கும் “ஓம் புள்ள, ஓம் புள்ள” என்றாள். கடைசியில், “இந்தத் தண்ணியை உங்கட புரொபெசரும் பார்ப்பாரா?” என்று கேட்டாள்.

“ஆம் சின்னம்மா. எல்லோரும் பார்ப்பார்கள்.”

“சரி புள்ள. நான் பார்த்துக்கொள்றன்” என்றாள் மலர்.

எல்லாப் பிழையும் அந்த நிமிடத்தில்தான் தொடங்கியிருக்கிறது. எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை.

3

சித்திரையில் போனேன். பன்னிரண்டு போத்தலும் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் பாரைமீனுக்குப் பக்கத்தில் அணிவகுத்து நின்றன. கடைசிப் போத்தலை நான் வந்து இறங்குவதற்கு முன்னமே நிரப்பி வைத்துவிட்டாள். ஒவ்வொன்றிலும் அவளுடைய குண்டுகுண்டான எழுத்தில் மாதமும் தேதியும். பள்ளிக்கூடத்தில் கொப்பிக்கு உறை போடுவதில் அவளை அடிக்க ஆளில்லை, அந்தக் கைவண்ணம் வெள்ளித்தாளிலும் தெரிந்தது. வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் பிரிட்ஜைத் திறந்து காட்டி, “நம்மட அபிராட படிப்பு” என்றாள். ஏறாவூரிலிருந்து சாரி கொண்டுவந்து விற்கும் சம்சுதீன் நானாகூட எட்டிப் பார்த்துவிட்டு, “மாஷா அல்லாஹ்” என்றுவிட்டுப் போனார்.

மதகடிக்கும் போனேன். அறுவடை முடிந்த வயலில் மாடுகள் மேய்ந்தன. வாய்க்காலில் வைக்கோலும் சாணமும் கலந்த மண்நிறத் தண்ணீர் மெல்ல ஊர்ந்து, கண்டல் வேர்களுக்குள் புகுந்து ஆற்றோடு சேர்ந்தது. அந்த இடத்தில்தான் ஒருவர் இறால் வலை வீசிக்கொண்டிருந்தார். “இந்த ஊத்தை வாற இடத்திலதான் இறால் கூட” என்றார். என் மகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படிப்பதை இவர் வலையோடு படித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வரும்போது இங்கே விமான நிலையத்தில் சுங்க அதிகாரி ஒருவர் என்னை மறித்தார். பல்கலைக்கழகம் தந்த கடிதத்தை நீட்டினேன். “வயல்வடிகாலின் கலங்கிய நீர்” என்று அதில் எழுதியிருந்தது. அவர் வாசித்தார். ஒரு போத்தலின் வெள்ளித்தாளைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தார்.

“இது கலங்கிய நீர் இல்லையே.”

“எங்கள் ஊரில் இப்படித்தான்” என்றேன். சொல்லும்போது மார்பு கொஞ்சம் நிமிர்ந்தது என்பதை ஒளிக்கவில்லை. கடிதத்தில் ஒன்று, கையில் ஒன்று என்று சொல்லி முக்கால் மணித்தியாலம் என்னை ஒரு கதிரையில் உட்கார்த்தி வைத்தார். யார் யாரிடமோ கேட்டார். ஒரு படிவம் நிரப்பினேன். அதில் தவறான பெட்டியில் அடையாளம் போட்டதற்காக இன்னொரு படிவமும் நிரப்பினேன். கடைசியில் விட்டார். இந்த நாட்டு அதிகாரிகளுக்கு ஒரு சந்தேகம் வந்தால் அதை விடவே மாட்டார்கள் என்று வீடு வரும்வரை காரில் புறுபுறுத்துக்கொண்டே வந்தேன். அந்த மனுசன் என்னைவிட நன்றாகப் பார்த்திருக்கிறார். மதகடியில் கண்ட தண்ணீர் என் கண்ணுக்குள் இருந்தும், கையில் இருந்த தண்ணீரோடு அதை நான் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

4

கேக் வெட்டிய நாளுக்கு வருகிறேன். அபிரா காட்டிய வரைபடத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் புள்ளிகள். மண்ணோடு வந்திருக்கவேண்டிய காபன் ஏறக்குறைய இல்லை. கரைந்திருந்த காபன் கொஞ்சம் கூடுதலாக, ஆனால் எல்லா மாதமும் ஒரே அளவில். ஒரு புள்ளி மட்டும் தனியே மேலே நின்றது. அது மார்கழிப் போத்தல், பழுதாகியிருக்கவேண்டும் என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

“வயல் மண்ணைத் தன்னோடயே பிடிச்சு வச்சிருக்குது அம்மா. கரைஞ்சதை மட்டும்தான் ஆத்துக்கு விடுது. ஒருவரும் இப்பிடி எதிர்பார்க்கேல்ல. புரொபெசருக்கு நல்ல சந்தோசம்.” கண்கள் மினுங்க அவள் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. ஆய்வேட்டைக் கையளிக்க மூன்று கிழமைதான் இருந்தது. பிறகு இன்னொன்றும் சொன்னாள்: “உங்கட ஊர் நல்ல ஊர் அம்மா.”

நான் அந்தக் கோட்டைப் பார்த்தேன். மாரி மழை வந்தும் ஏறவில்லை, கோடை வந்தும் இறங்கவில்லை. இப்படிப்பட்ட கோட்டை நான் தினமும் பார்க்கிறேன். எங்கள் நிலையத்தில் இரண்டு கோடுகள் ஓடும். உள்ளே வரும் ஏரித்தண்ணீரின் கோடு மழைக்கும் பனி உருகலுக்கும் ஏறி இறங்கும். வெளியே போகும் தண்ணீரின் கோடு மட்டும் எப்போதும் நேராகப் போகும். உப்புப் போட்டுத் தெளியவைத்த தண்ணீரின் கோடு அது.

ஊரில் உப்பு யார் போடுவார்? யோசித்தபடியே தேத்தண்ணிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோனேன், அந்த இடத்திலேயே நினைவு வந்துவிட்டது. தேத்தாங்கொட்டை. எங்கள் பக்கம் ஆற்றங்கரையில் நிற்கும் தேத்தா மரத்தின் விதை. கலங்கல் தண்ணீரைப் பானையில் விட்டு, உட்சுவரில் அந்தக் கொட்டையை நாலு தேய் தேய்த்தால், விடிவதற்குள் மண் முழுவதும் அடியில் இறங்கிவிடும். தேத்தாத்தீவு என்று ஓர் ஊருக்கே அந்த மரத்தின் பெயரை வைத்தவர்கள் நாங்கள். மாரியில் கிணறு கலங்கினால் எங்கள் வீட்டில் முதலில் தேடுவது அதைத்தான்.

“நல்லாயிருக்கு மகள்” என்றேன். இந்தமுறை இரண்டாவது துண்டு கேட்கவில்லை.

5

சனிக்கிழமை மலருக்கு எடுத்தேன்.

“மலர், போத்தலுக்குத் தண்ணி எப்பிடி எடுத்தாய்?”

“எப்பிடியெண்டா என்ன அக்கா, அபிரா சொன்ன மாதிரித்தான். பதினஞ்சாம் தேதி, மதகடியில.”

“அள்ளின உடனே போத்தலுக்க விட்டாயா?”

“உடனே எப்பிடிக்கா விடுறது? மாடு இறங்கித் திரியிற தண்ணி, வைக்கல் நாறுது. அந்த ஊத்தைத் தண்ணியையா புரொபெசருக்குக் காட்டுறது? நம்மளைப் பற்றி என்ன நினைப்பாங்க? பானைக்க விட்டு, கொட்டை தேய்ச்சு, மறுகா விடியத் தெளிவைத்தான் அள்ளினன்.” பிறகு குரலை இறக்கி, “ஏன் அக்கா, பிழையா?” என்று கேட்டாள்.

“இல்ல புள்ள. சும்மாதான் கேட்டன்.”

அவளில் கோபம் வரவில்லை. எப்படி வரும்? அவள் பானையில் செய்ததைத்தான் நான் பெரிய தொட்டியில் செய்துகொண்டு சம்பளம் வாங்குகிறேன். வீட்டுக்கு ஆள் வந்தால் தெளிந்த தண்ணீரைக் கொடுப்பதுதானே முறை. ஒரு வருடம் முழுக்க அந்த முறையைக் கைவிடாமல் செய்திருக்கிறாள். அபிரா தேடியது எதுவோ, அது மாதாமாதம் பானையின் அடியில் தங்கிவிட்டது.

இரண்டு நாள் என் வாய் திறக்கவில்லை. சொன்னால் மகளின் ஒரு வருட உழைப்பு போய்விடும். என்னை வாட்டியது அது மட்டுமில்லை. அபிரா முதல்முறையாக என் ஊர்ப்பக்கம் ஓர் அடி வைத்திருக்கிறாள். அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்துவிட்டால் இனி வைக்கமாட்டாள் என்று பயந்தேன். மலருக்குத் தெரிந்தாலோ, அவள் வெட்கத்தில் செத்துவிடுவாள். சொல்லாமல் விட்டால் என்ன என்றும் ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் இருபது வருடமாகத் தண்ணீரைச் சோதித்து, வந்த எண்ணை வந்தபடியே எழுதிய கை இது. பொய்க்கோடு ஒன்று என் பிள்ளையின் பெயரில் புத்தகமாவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

திங்கட்கிழமை காலையில் சொன்னேன். அவள் பாணில் பட்டர் பூசிக்கொண்டிருந்த கத்தியை வைத்துவிட்டு எழுந்து ஏரிக்கரைக்குப் போனாள். ஒரு மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தாள். கண் சிவந்திருந்தது.

“சனிக்கிழமையே தெரிஞ்சிருக்குது. ஏன் அம்மா சொல்லேல்ல?”

“உன்ர மனம் நோகும் எண்டு.”

“என்ர மனமா, சின்னம்மாட மனமா?”

அன்றே அவள் பேராசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஒவ்வொரு போத்தலும் எங்கே, எப்படி, என்னென்ன செய்து நிரப்பப்பட்டது என்று ஒன்றுவிடாமல் தெரிந்தால் அதையே வைத்து ஏதாவது எழுதலாம், தெரியாவிட்டால் எல்லாவற்றையும் தூக்கி எறிய வேண்டியதுதான் என்று அவர் சொல்லிவிட்டார். அப்படியென்றால் மலரிடம் கேட்டே ஆகவேண்டும். நான் பயந்த இடத்துக்கே வந்து சேர்ந்தோம்.

6

அபிரா கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். போனை மேசையில் வைத்து, சத்தத்தைக் கூட்டிவிட்டாள். நான் பக்கத்தில் இருந்தேன், வாயைத் திறக்கக்கூடாது என்று எனக்குக் கட்டளை.

“சின்னம்மா, நீங்கள் செய்தது பிழை அல்ல. எனக்குத் தெரியாத ஒன்றை நீங்கள் செய்திருக்கிறீர்கள். அதை எனக்குச் சொல்லித் தர வேண்டும்.” ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள் போலிருக்கிறது. ஆனாலும் என் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பக்கம் மலரின் குரல் மெலிந்து வந்தது. “உன்ட படிப்பைக் கெடுத்துப்போட்டன் என்ன புள்ள?”

“இல்லை. எத்தனை தரம் தேய்ப்பீர்கள்?”

“பத்துத் தரம். எண்ணித்தான் தேய்ப்பன்.”

“எல்லா மாதமும் பத்தா?”

“ஓம். நீ ஒரே மாதிரிச் செய்யச் சொன்னாய்தானே.”

அபிரா என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. கோடு ஏன் அவ்வளவு நேராக இருந்தது என்று விளங்கிவிட்டது. கரைந்த காபன் என்று அவள் எண்ணியதில் ஒரு பங்கு அந்தக் கொட்டையில் இருந்தே வந்திருக்கவேண்டும் என்று எழுதிக்கொண்டாள்.

“பானையின் அடியில் இருந்த மண்ணை என்ன செய்தீர்கள்?”

“மிளகாய்க் கன்றுக்கு ஊத்தினன். நல்லாக் காய்ச்சுது!”

“அதுதான் சின்னம்மா என்னுடைய ஆராய்ச்சி” என்றாள் அபிரா. போனுக்கு இரண்டு பக்கத்திலும் சிரித்தார்கள். மாதம் மாதமாக இறங்கி வந்தார்கள். ஆவணியில் தண்ணீர் வற்றி, மதகுக்குள் குனிந்து அள்ளியது. கார்த்திகையில் கூதலோடு குடை பிடித்துக்கொண்டு அள்ளியது. மலருக்குக் குரல் திரும்பி வந்துவிட்டது.

“மார்கழி?”

“தையிலயும் மதகடிதான்” என்றாள் மலர்.

“சின்னம்மா, மார்கழிப் போத்தல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. கலங்கல்.”

“அது பிழைச்சுப்போச்சு புள்ள. அந்த ஒண்டை மட்டும் தெளியவைக்கேலாமப் போச்சு. மன்னிச்சுக்கொள். பானை இருக்கல்ல.”

அபிரா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் பழுது என்று ஒதுக்கியதுதான் பன்னிரண்டிலும் உண்மையான ஒரே தண்ணீர். அதை அந்த நேரத்தில் அவள் சொல்லவில்லை, கேள்வியைத் தொடர்ந்தாள்.

“பானை ஏன் இருக்கவில்லை? மதகடியில்தானே எடுத்தீர்கள்?”

“மதகடிக்குப் போகேலா. வீட்டு வாசல்லதான் அள்ளினன்.”

“வாய்க்கால் வாசலிலிருந்து எவ்வளவு தூரம்?”

“வாய்க்கால் எங்க புள்ள தெரிஞ்சது? தண்ணி வீட்டுக்குள்ள வந்திட்டுது.”

“எவ்வளவு உயரம்?” கொப்பியைப் பார்த்தபடியே கேட்டாள். எழுதிப் பழகிய பிள்ளை.

“கட்டில் மட்டம்.”

“எத்தனை நாள்?”

“ஒன்பது நாள். நாங்க பள்ளிக்கூடத்திலதான் இருந்தம். நீ பதினஞ்சாம் தேதி தவறக்கூடாதெண்டு சொன்னாய்தானே. அண்டைக்கு அவரைக் கெஞ்சித் தோணியில வந்து அள்ளிக்கொண்டு போனன். நிரப்பின போத்தலையெல்லாம் முதலே பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோயிட்டன், வெறும் போத்தலும் வெள்ளித்தாளும் அலுமாரி மேல்தட்டில கிடந்தது. பானையள் மிதந்து எங்கயோ போயிட்டுது.”

அபிராவின் பேனை நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்க்க முடியாமல் சுவரைப் பார்த்தேன். சித்திரையில் போனபோது வீடு முழுக்கப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. நான் வருகிறேன் என்றுதான் அடித்தாள் என நினைத்து, எதற்கு வீண்செலவு என்று அவளை ஏசியிருந்தேன்.

“சின்னம்மா,” அபிராவுக்குத் தமிழ்ப்பள்ளித் தமிழ் மறந்துபோயிற்று. “இந்த வருசம் கார்த்திகையில நான் வாறன். நானே அள்ளுறன். நீங்கள் கொட்டையைத் தொடக்கூடாது.”

“நுளம்பு கடிக்கும் புள்ள.”

“கடிக்கட்டும்.”

படிப்பை முடிக்க இன்னும் ஒரு வருடம் கேட்கப்போகிறாள். கிடைக்கும் என்றுதான் சொல்கிறாள். போனை என் கையில் தந்துவிட்டு அவள் எழுந்து போனாள். மலர் அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

“ஏன் புள்ள எனக்குச் சொல்லல்ல?” என்றேன். “ஒவ்வொரு கிழமையும் கதைச்சமே. மழை எப்பிடியெண்டு நான் கேட்டனே.”

“சொன்னா நீ அங்க இருந்துகொண்டு என்ன செய்வாய் அக்கா? சோறு தின்னமாட்டாய், அவ்வளவுதான். பள்ளிக்கூடச் சுவருக்குக் கிட்ட நின்டு வீடியோவில கதைச்சன், உனக்கு விளங்கல்ல.”

எனக்கு விளங்கவில்லை என்பது உண்மை. அவளுக்கும் ஒன்று விளங்கியிருக்கவில்லை.

“மலர், மார்கழியில பனியில சறுக்கி விழுந்து எனக்கு வலக்கை முறிஞ்சு கிடந்தது. ஆறு கிழமை கட்டோட இருந்தன். உன்னோட கதைக்கக்குள்ள கையை மேசைக்குக் கீழ வச்சிருந்தன்.”

“என்னத்துக்குச் சொல்லல்ல?” என்று கத்தினாள். தன் வீட்டுக்குள் வெள்ளம் வந்ததைச் சொல்லும்போதுகூட அவள் அப்படிக் கத்தவில்லை. பிறகு கால் மணித்தியாலம் என்னை ஏசினாள். இருபத்தேழு வருடத்தில் அவ்வளவு நிம்மதியாக நான் ஏச்சு வாங்கியதில்லை. ஏசி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டாள்:

“நான் பள்ளிக்கூடத்தில, நீ கட்டோட. அப்ப ஒவ்வொரு கிழமையும் நாம என்னத்தைக்கா ஒரு மணித்தியாலம் கதைச்சம்?”

நான் யோசித்துப் பார்த்தேன்.

“புட்டு எப்பிடி அவிச்சாப் பூப்போல வருமெண்டு” என்றேன்.